அந்த மைதானத்துக் கோப்புகளைத் திறந்துவிடுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கும் ராணுவத் தலைமையகத்தாருக்கும்,

வணக்கம். 1987 அக்டோபர் 11 இரவும் மறுநாள் காலையும் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அமைதிப்படையாக இலங்கைக்குப் போன நம் ராணுவம் புலிகளோடு மோதிய அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் பவன் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றிரவு பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களை இறக்கினீர்களே, அந்த நடவடிக்கையின் கோப்புகளை முழுசாக வெளியிடுங்கள்.

இத்தனை வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். எங்கள் ஊர் வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். தெருக்கோடியில் ஒரு மாமா இருக்கிறார், ஓய்வுபெற்ற ஹவில்தார், 87 நவம்பரில் இலங்கைக்குப் போனவர். போன சுதந்திர தினத்துக்கு உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் முன்னாள் ராணுவத்தினருக்குச் சால்வை போடுகிறோம் என்று கூப்பிட்டார்கள். மாமா முந்தின நாளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டார். காலையில் வரிசையில் நிற்கும்போது ஒரு பையன் நோட்டோடு வந்து, "நீங்க எந்தப் போர் தாத்தா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர் கார்கில். இவர் "இலங்கை" என்றார். பையன் உள்ளே போனான், கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், அது மேடையில சொன்னா பிரச்சினை ஆயிடும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமா சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை அந்த ஷூவை அவர் கழற்றவே இல்லை. திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று தெரியாத ஒன்றை மேடையில் எப்படிச் சொல்வார்? தெரியாமல் வைத்திருப்பது நீங்கள்.

அந்த இரவுக்கு வருகிறேன். புலிகளின் தலைமையைக் கூண்டோடு பிடித்துவிடலாம் என்று திட்டம். பாரா கமாண்டோக்கள் 103 பேர், சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையின் 13ஆம் பட்டாலியனிலிருந்து 360 பேர், இருட்டில் நான்கு எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் மாறி மாறிப் போய் இறக்க வேண்டும். சீக்கியப் பட்டாலியன் அப்போதுதான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானதளத்துக்கு விமானத்தில் வந்து இறங்கியிருந்தது. உங்கள் ரேடியோ பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள். கமாண்டோக்கள் இறங்கினார்கள். சீக்கியப் பட்டாலியனின் 360 பேரில் இறங்கியது 30 பேர். அதற்குள் ஹெலிகாப்டர்கள் சல்லடை ஆகிவிட்டன, இனிப் போக முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். சரி, போக முடியவில்லை, அந்த விமானிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, சுடப்பட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் போனவர்கள் அவர்கள். ஆனால் கீழே நிற்கும் முப்பது பேருக்கு, இனி யாரும் வரமாட்டார்கள் என்பது எப்படித் தெரிந்திருக்கும்? அவர்களுடைய ரேடியோக்காரர் ஆரம்பத்திலேயே குண்டடிபட்டு இறந்துவிட்டார். மேஜர் பிரேந்திர சிங்கும் அவருடைய ஆட்களும் விடிய விடிய, விடிந்து வெயில் ஏறும் வரை அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். அடுத்த ஹெலிகாப்டர் சத்தத்துக்கு எத்தனை முறை காது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் மூன்று பேர் மிச்சம், தோட்டா இல்லை, துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். இரண்டு பேர் அங்கேயே விழுந்தார்கள். ஒருவர் பிடிபட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார். முப்பது பேரில் அந்த ஒருவர்தான் வீடு திரும்பினார்.

கமாண்டோக்களிலும் ஆறு பேர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதை வழியாகப் போக வேண்டியிருந்தது.

இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பொறுப்பில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றபின் ஆளுக்கொன்று எழுதினார்கள், ஒவ்வொருவரும் பழியை அடுத்தவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். உளவுத்துறை சரியில்லை, மேலிடம் அவசரப்படுத்தியது, நான் அப்போதே வேண்டாம் என்றேன். எல்லாரும் வேண்டாம் என்றிருந்தால் அந்த ஹெலிகாப்டர் தானாகவா கிளம்பியது? அதனால்தான் கோப்பைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், தமிழில் எழுதிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை. கமாண்டோக்கள் போன கொக்குவில் பிரம்படிப் பகுதியில் அன்று பொதுமக்கள் செத்தார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த ஊர்க்காரர்கள் அங்கே விளக்கேற்றுகிறார்கள். பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை, அது சரிதான் என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். மாமா அந்தப் படையில்தான் திரும்பி வந்தார். அவரிடம் நான் ஒருமுறை கேட்டேன். "நான் பார்த்ததைச் சொல்றேன், பார்க்காததைச் சொல்ல மாட்டேன்" என்றவர், பார்த்ததையும் சொல்லவில்லை. கோப்பு வெளியே வந்தால் பிரம்படிக்காரர்களின் கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். வீரர்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால் எனக்கு வேண்டாம்.

கொழும்பில் நம் படையினருக்கு இலங்கை அரசு நினைவுச்சின்னம் கட்டியது. 2015இல் நம் பிரதமர் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். டில்லியில் தேசியப் போர் நினைவகம் வந்தது 2019இல். யாரோடு சண்டை போடப் போனோம், யார் கல் நட்டார்கள் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. விடுங்கள், இப்போதாவது பூ வைக்கிறீர்கள், அதற்கு நன்றி. பூவுக்கு ரகசிய முத்திரை கிடையாதே!

2021 ஜூனில் நீங்களே ஒரு கொள்கை அறிவித்தீர்கள். போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கலாம், வரலாறு தொகுக்கலாம், தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம் என்று. 87ஓடு 25ஐக் கூட்டினால் 2012. கணக்கில் நான் சுமார்தான், இருந்தாலும் இது தப்பாக இருக்காது. கரையான் அரித்துவிட்டது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தக் கோப்புகளை வெளியிடுங்கள். தமிழில் மொழிபெயர்க்கக்கூட வேண்டாம், இந்தியில் இருந்தாலும் போதும். மாமாவுக்கு இந்தி நன்றாக வரும், பட்டாளத்தில் கற்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அதே தெருக்காரன்,
வேலூர் மாவட்டம்