ரிப்கன் கதையில் பாதி

அன்புள்ள செந்தில்,

கதிர் பேஸ்பால் ஆடிய வீடியோ வந்தது. உருண்டு வரும் பந்தைக் குனிந்து எடுத்து ஒரே வீச்சில் முதல் பேஸுக்கு அனுப்புகிறான். அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். ஆனால் தோள் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னதற்கு, "கேல் ரிப்கன் ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை" என்று நீ அதட்டியதும் அதிலேயே கேட்டது.

அமெரிக்காவில், பால்டிமோரில் உங்களோடு இருந்தபோது, அந்த ஊர் ஓரியோல்ஸ் அணியில் ஆடிய ரிப்கனைப் பற்றி எனக்குச் சொன்னவனே நீதான். 1982 மே 30 முதல் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள். ஆறடி நாலங்குல உயரத்தை வைத்துக்கொண்டு, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று ஓயாமல் குனிந்து எழ வேண்டிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பெரும்பகுதியை ஆடினார். 1995 செப்டம்பர் 6 அன்று பழைய காலத்து வீரர் லூ கெரிக்கின் 2,130 தொடர் ஆட்டச் சாதனையைத் தாண்டியபோது, அரங்கம் இருபது நிமிடத்துக்கு மேல் நின்று கைதட்டியது. எல்லாம் சரி. அவருடைய அப்பாவை ஏனப்பா விட்டுவிட்டாய்?

1987-ல் ஓரியோல்ஸ் அணியின் மேலாளர் அந்த அப்பாதான். தம்பி பில்லியும் அதே அணியில். அதுவரை மூத்த மகன் கேல் ஆட்டங்களை மட்டுமல்ல, ஒரு இன்னிங்ஸைக்கூட (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) விடாமல் 8,243 இன்னிங்ஸ் ஆடியிருந்தான். செப்டம்பர் 14, டொராண்டோவில் 18-3 என்று செம அடி வாங்கிக்கொண்டிருந்த ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் அப்பாவே அவனை வெளியே உட்காரவைத்தார். மறுநாள் வழக்கம்போல ஆடப் போனான். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அடுத்த வருடம் முதல் ஆறு ஆட்டங்களும் தோற்றதும் அணி அப்பாவை மேலாளர் வேலையிலிருந்து நீக்கியது. மகன் அதே அணியில் தொடர்ந்தார், 2001-ல் ஓய்வுபெறும்வரை.

தொடர் ஆட்டம் முடிந்த விதமும் எனக்குப் பிடிக்கும். காயம் இல்லை, யாரும் தள்ளவில்லை. 1998 செப்டம்பர் 20 அன்று இன்றைக்கு நான் ஆடவில்லை என்று மேலாளரிடம் அவரே சொல்லிவிட்டார். எதிரணி யாங்கீஸ்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ரிப்கன் அப்போது முப்பத்தெட்டு வயது மனிதர், சம்பளத்துக்கு ஆடியவர். கதிருக்குப் பதினொன்று. வளரும் எலும்பு அது, வீசி வீசித் தேய்க்காதே. இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. அவர் சரி என்று சொல்லும்வரை பந்தை எடுக்க வேண்டாம். பயிற்சியாளர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா? அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா