"எண் இல்லை" என்று எழுதும் காவல் நிலையங்களுக்கு

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும் நிலைய எழுத்தர்களுக்கும்,

வணக்கம். கைப்பற்றல் மகஜரில், அதாவது பறிமுதல் செய்த பொருளைப் பதிவுசெய்யும் ஆவணத்தில், "துப்பாக்கியில் எண் ஏதும் இல்லை" என்று எழுதுமுன் கைப்பிடிக்கு அடியில் பார்த்தீர்களா? ஆயுதச் சட்ட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகக் கேட்கிறேன். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் அடித்த வரிசை எண் இல்லாத அல்லது அழிக்கப்பட்ட துப்பாக்கி எவரிடம் இருக்கிறதோ அவரே அதை அழித்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. நீங்கள் தேடாமல் விட்டது இன்னொருவர் தலையில் குற்றமாக விடிகிறது.

வேறு எதையோ வரிசை எண் என்று எழுதிவைப்பது இன்னும் மோசம். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் குண்டுகள் இருக்கும் சிலிண்டரை வெளியே தள்ளியதும், அதைத் தாங்கும் உலோகக் கை மடங்கும் இடத்தில் மாடல் எண்ணும், தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்துவதற்காக அடித்த எண்ணும் தெரியும். கண்ணில் முதலில் படுவதால் அதையே எழுதிவிடுகிறார்கள். உண்மையான எண் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பெரிய மரப்பிடி போட்டிருந்தால் அது மறைந்திருக்கும். குண்டுகளை நீக்கி, கைரேகை எடுத்த பிறகு பிடியைக் கழற்றுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆயுதப்படை ஆர்மரர் எதற்கு இருக்கிறார்?

எழுத்துகளையும் விடாதீர்கள். ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த லூகர் கைத்துப்பாக்கிகளில், நான்கு இலக்கங்கள் தீர்ந்ததும் பின்னால் ஒரு சிற்றெழுத்தைச் சேர்த்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மறு ஆண்டு பிறந்தால் மொத்தமும் புதிதாக. ஆண்டையும் எழுத்தையும் விட்டால் ஒரே எண் பல துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். சிறு பாகங்களில் காணும் இரண்டு இலக்கங்கள் அந்த எண்ணின் வால் மட்டுமே. கிளாக் கைத்துப்பாக்கியில் குழலிலும் மேல் ஸ்லைடிலும்கூட எண் உண்டு, ஆனால் அவற்றை மாற்றிப் போட முடியும். பிளாஸ்டிக் உடலில் பதித்த உலோகத் தகட்டின் எண்ணைத் தனியாக எழுதுங்கள்.

எண்ணை அரம் கொண்டு அழித்திருந்தால், தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். எண்ணை அடிக்கும்போது கீழேயுள்ள எஃகும் நசுங்குகிறது. மேற்பரப்பு போன பிறகும் அந்த நசுக்கம் மிஞ்சியிருந்தால், தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி எண்ணை மீட்க முடியும். தேய்த்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

தேர்தல் நேரத்தில் உரிமதாரர்கள் ஒப்படைக்கும் துப்பாக்கிகளுக்கும் இதே கவனம் வேண்டும். உரிமப் புத்தகத்தைப் பார்த்து ரசீது எழுதாதீர்கள்; துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் ரசீதிலேயே குறித்து, உரிமதாரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்