இரண்டாம் பாதிச் சண்டையை விட்டுக்கொடுங்கள்: தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதை என்றாலே ரோபோ, கிராஃபிக்ஸ், பல கோடி ரூபாய், கடைசியில் பெரிய மோதல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். 'எந்திரன்' அந்தக் கணக்கில் ஜெயித்த படம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வளவு பணம் இல்லாத இயக்குநர் கதை சொல்ல வந்தாலும் "ஃபைட் எங்கே வருகிறது?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சின்ன பட்ஜெட்டில் எடுத்த சண்டை, பட்ஜெட் சின்னது என்பதைத்தான் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

'கோஹெரன்ஸ்' (2013) பாருங்கள். ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் சொந்த வீட்டில் ஐந்தே இரவுகளில் எடுத்த அமெரிக்கப் படம். எட்டு நண்பர்கள் விருந்துக்குக் கூடியிருக்கிறார்கள். வால்நட்சத்திரம் ஒன்று பூமியைக் கடக்கும் இரவு, மின்சாரம் போய்விடுகிறது. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். போய்ப் பார்த்தால் அதுவும் இவர்கள் வீடுதான். உள்ளே இருப்பவர்களும் இவர்களேதான். நீல ஒளிக்குச்சியோடு இருட்டில் நடப்பவர்களுக்கு எதிரே சிவப்பு ஒளிக்குச்சியோடு சிலர் நிற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அதே முகங்கள். வயிற்றைப் பிசையும் அந்தக் காட்சிக்கு ஒளிக்குச்சிகளைத் தவிர வேறென்ன செலவு? நடிகர்களுக்கு முழுத் திரைக்கதையைக்கூடத் தரவில்லை. அன்றன்றைக்கு அவரவர் பாத்திரத்துக்கான குறிப்பு மட்டும் தந்தார்கள். அதனால் அடுத்தவர் வாயைத் திறக்கும்போது அவர்கள் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்கிறார்கள். கைகலப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் படம் அதை நம்பி நிற்கவில்லை.

'தி மேன் ஃப்ரம் எர்த்' (2007) இன்னும் சிக்கனம். தான் 14,000 ஆண்டுகளாக உயிர்வாழ்வதாக ஒரு பேராசிரியர் சொல்கிறார். சக பேராசிரியர்கள் மடக்கி மடக்கிக் கேட்கிறார்கள். கதை ஏறக்குறைய முழுவதும் ஒரே வீட்டுக் கூடத்தில். திருட்டுத்தனமாகத் தரவிறக்கிப் பார்த்தவர்களால் படத்தின் பெயர் பரவியதற்காகத் தயாரிப்பாளரே அவர்களுக்கு நன்றி சொன்னார். நீங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவரவில்லை!

எல்லாமே நமக்கு ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். சுமார் 7,000 டாலரில் எடுத்த 'ப்ரைமர்' 2004இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரும் பரிசை வென்றது. ஆனால் அதன் காலப்பயண முடிச்சுகளை நம் திரையரங்கில் அவிழ்த்தால் பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புரியாமல் இருப்பதும் ஆழமாக இருப்பதும் ஒன்றல்ல.

நம்மிடமே 'இன்று நேற்று நாளை' (2015) இருக்கிறது. அதில் ரவுடி வருகிறான். ஆனால் அவன் சண்டைக்காக ஒட்டவைத்த ரவுடி அல்ல. காலத்தில் கைவைத்ததன் விளைவாகச் சாவிலிருந்து தப்பியவன். துரத்தல்கூடக் கதையிலிருந்து முளைக்கிறது.

இன்னொன்று, நீளம். மேலே சொன்ன மூன்று அமெரிக்கப் படங்களும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிபவை. ஒரு யோசனையை நம்பி எடுக்கும் படத்தை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்தால், நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் பாட்டும் சண்டையும் தேவைப்படுகின்றன. இடைவேளையில் விற்கும் பாப்கார்னுக்காகத் திரைக்கதை இரண்டாக உடைகிறது. திரையரங்கக்காரர்களிடம் இதைப் பேசக்கூடியவர்கள் நீங்கள்தான். புது இயக்குநரால் முடியாது.

ஆகவே ஒரு கோரிக்கை. ஒரே ஒரு படத்துக்காவது சண்டைக்கு ஒதுக்கும் தொகையைத் திரைக்கதைக்கும் ஒத்திகைக்கும் மாற்றிக் கொடுங்கள். சுஜாதாவின் அறிவியல் கதைகளைப் படித்து வளர்ந்த ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது. முதல் நாளே டிக்கெட் எடுப்போம்.

இப்படிக்கு,
அறிவியல் புனைகதை ரசிகன்