பின்பக்க மேட்டை இப்போது வெட்டாதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். தலவாக்கலையில் மூன்று கிழமையாக மழை விட்டபாடில்லை. துணியெல்லாம் அடுப்புக்கு மேலேதான் காய்கிறது.

ஏழு பேர்ச் காணியில் வீட்டு வேலை தொடங்கப் போகிறாய் என்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் பின்பக்க மேட்டை எட்டடி வெட்டி, அதே கிழமையில் கழிவறைக் குழியையும் தோண்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

போன மாதம் எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஆறடிக் குழி வெட்டினார்கள். அள்ளிப்போட்ட மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். மத்தியானம் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டது. நான் ஓடிப்போனபோது உள்ளே நின்ற பையனுக்கு நெஞ்சுவரை மண். தலை வெளியேதான் இருந்தது, ஆனாலும் அவனால் பேச முடியவில்லை. மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் மண் இன்னும் கொஞ்சம் இறுகியது. கையைப் பிடித்து இழுக்கப் போனவர்களைப் பெரியவர் ஒருவர் தடுத்தார், இழுத்தால் தோள் கழன்றுவிடும் என்று. மம்பட்டி போட்டால் உடம்பில் படும். சாப்பாட்டுத் தட்டாலும் கையாலும்தான் அள்ளினோம், முக்கால் மணி நேரம். பிழைத்துக்கொண்டான். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

ஒரு கன மீட்டர் மண்ணின் கனம் ஒன்றரை டன் இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். அதனால்தான் நாலடிக்கு மேல் தோண்டினால் பலகை வைத்து முட்டுக்கொடு, இல்லையென்றால் சுவரைச் சரிவாக வெட்டு என்கிறார்கள். நாலடிக்குள் பயமில்லை என்றும் நினைத்துவிடாதே. குனிந்து அள்ளுகிறவனின் நெஞ்சும் தலையும் மண்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளிப் போடச் சொல். ஏணி ஒன்று உள்ளேயே நிற்கட்டும், மேலே எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும்.

மேட்டு விஷயம் இதைவிடப் பெரிது. அடியை வெட்டினால் மேலே இருக்கும் மலைக்குத் தாங்கல் போய்விடும். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லையே. நம் மாவட்டத்தில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும் உயரத்துக்குத்தான் வெட்ட வேண்டும். கல்லுக்கட்டு கட்டினால் தண்ணீர் வடிய இடையிடையே பைப் வைக்க மறக்காதே. மேலே தண்ணீர் ஓட ஒரு கானும் வெட்டிவிடு.

நான் ஒரு வேலை செய்கிறேன். பக்கம் நேராக இருக்கும் பால்மா டின் ஒன்றை முற்றத்தில் வெட்டவெளியில் வைத்து, அதில் நின்ற மழைத் தண்ணீரைக் காலையில் அடிமட்டத்தால் அளக்கிறேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் நின்றால் கவனமாக இருக்க வேண்டும். 100 என்றால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தொட்டால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். நிறுவனம் சொல்லும் கணக்கு இதுதான். போன செவ்வாய் 80 நின்றது. இரவு பிள்ளைகளைச் செருப்போடு படுக்க வைத்தேன். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவை தெரிந்தால் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை, கிளம்பிவிட வேண்டும்.

அப்புறம், ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை நம்முடைய பழைய ஆற்று மடுவுக்குக் கூட்டிப்போகக் கேட்டிருந்தாய். நாம் பாறையிலிருந்து குதித்த இடம்தான். போன ஞாயிறு மூங்கில் கம்பில் அடிக்கு ஒரு வெட்டுப் போட்டு எடுத்துப்போனேன். மேலிருந்து பார்க்க மூன்றடிபோல இருந்த இடம் கம்பில் நாலடிக்கு மேல் காட்டியது. தெளிந்த தண்ணீர் எப்போதும் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். உன் சின்னவளுக்கு அது கழுத்தளவு. நாம் குதித்த பாறைக்கு நேர் கீழேயோ, வெள்ளம் உருட்டிவந்த கல் இடுப்பளவில் கிடக்கிறது. யாராவது தலைகீழாகப் பாய்ந்திருந்தால்? நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் ஆறு ஏறும். அணைக்கட்டின் வான்கதவு திறந்தால் கீழே சொல்லவே வேண்டாம். அதனால் ஆகஸ்டில் பீலித் தண்ணீரில் குளிக்கட்டும், மடு வேண்டாம்.

மேடு வெட்டுவதை ஜனவரிக்குத் தள்ளிவை, மண் காய்ந்திருக்கும். நானும் லீவு போட்டு வருகிறேன். அதுவரை ஒரு வேலை செய். அடுத்த தடவை காணிக்கு வரும்போது மேட்டின் உயரத்தை டேப் பிடித்து அளந்து எழுது. கண்மதிப்பில் எழுதாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி