அண்ணனுக்கு, அந்தக் கட்டத்தில் எழுதிய சொல்லைப் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு அப்பா போய்ப் பத்து ஆண்டுகள் நிறைகின்றன. அவரை எடுத்த அன்று, வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று நான் உங்களிடம் பேசியவற்றை இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. உங்களுக்கும் அவை நினைவிருக்கும், கேட்டுக்கொண்டு நின்ற, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கும் நினைவிருக்கும். சபையில் பேசியதற்குச் சபையிலேயே மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அண்ணியின் வீட்டாரும் படிப்பார்கள். ஆகவே உங்கள் கலியாணப் பேச்சின்போது நடந்ததைத் தொடமாட்டேன்.

2004இல், மருமகன் பிறந்ததைப் பதிவதற்கு நாம் மூவரும் போன நாள்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. தந்தையின் இனம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்த அலுவலர் பேனாவை நிறுத்திவிட்டு, நீங்கள் கொடுத்த உங்கள் பிறப்புப் பத்திரத்தைப் புரட்டினார். அதில், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோருக்குப் போடும் இந்தியத் தமிழர் என்ற பெயர் இருந்தது. "இலங்கைத் தமிழர் என்று போடுங்கள்" என்றீர்கள். அவர் பத்திரத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கொழும்புக்கு வருவதற்காக முதல்நாள் எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்த்தும் தேயிலைக் கறை போகாத இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு அப்பாதான் பேசினார்: "எழுதுங்க ஐயா. நான் பொறந்தது அட்டனு. எங்கப்பா பொறந்ததும் அட்டனு. இந்தியாவ நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

அலுவலர் நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டார். நீங்கள் அப்பாவின் தோளைத் தொட்டீர்கள். அந்தத் தொடுகையை நான் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது. அன்றிரவு வீடு திரும்பும் பேருந்தில், கினிகத்தேனை ஏற்றத்தில், தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அவன் இலங்கைத் தமிழன்னா, அவனோட தாத்தா நான் யாரும்மா?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காமல், பதினோரு ஆண்டுகள் வைத்திருந்து, அவர் பிணம் கிடக்கையில் வசவாக மாற்றி உங்கள்மேல் எறிந்தேன். அது தவறு.

அந்தச் சொல் நம் இரத்தத்தில் இருந்ததல்ல என்பதை நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள். 1901 வரை குடிசன மதிப்பீட்டில் தமிழர் என்று ஒரே வரிசைதான் இருந்தது. 1911இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள், கோடு நின்றுவிட்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அந்தக் கோட்டுக்கு இந்தியத் தமிழர் பக்கம் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டுவைத்தார்கள். அந்தப் பங்கில் போன சித்தப்பாவுக்கு, தான் ஒருமுறைகூடக் கண்டிராத நாட்டில் கிடைத்த அரசாங்கப் பெயர் தாயகம் திரும்பியோர் என்பது. கோத்தகிரிக்காரர்களுக்கோ அவர் சாகும்வரை சிலோன்காரர்தான். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் இங்கே இருந்தவர் இந்தியர், அங்கே போனவர் சிலோன்காரர் என்றால், அந்தப் பெயர்களில் இனம் எங்கே இருக்கிறது?

மனிதர் எழுதியதை மனிதர் மாற்றலாம் என்றீர்கள். சரிதான், அண்ணன். ஆனால் நீங்கள் மாற்றியது பெயரையல்ல, வரிசையை. நம்மை வடக்கத்தியான் என்றும் தோட்டக்காட்டான் என்றும் சொன்னவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டீர்கள், அப்பாவைப் பழைய வரிசையில் தனியாக விட்டுவிட்டு. 1981இல் இந்த நாட்டுச் சனத்தொகையில் இந்தியத் தமிழர் 5.5 சதவீதம், 2012இல் 4.1. ஒரு பங்கு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்களால் குறைந்தது. உங்களைப் போல் வரிசை மாறியவர்களாலும் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தால் ஆசனமும் குறையும், பள்ளிக்கூடம் கேட்கும் குரலும் குறையும். பிள்ளைக்காகச் செய்தேன் என்பீர்கள். லயத்தில் இருக்கும் பிள்ளைகளும் பிள்ளைகள்தாம்.

இவ்வளவு எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012இல் கணக்கெடுக்க வந்தவர் என் வாடகை வீட்டு வாசலில் நின்று இனம் கேட்டபோது, வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் இலங்கைத் தமிழர் என்றேன். அந்த அம்மா தவறாக ஒரு வார்த்தையும் சொன்னவர் அல்லர், ஆனாலும் சொன்னேன். மூன்று ஆண்டுகள் கழித்து, நானும் அதையே செய்தவள் என்பதை மறைத்துக்கொண்டுதான் உங்களை ஊர் முன்னால் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்பது முக்கியமாக இதற்குத்தான்.

கடந்த கணக்கெடுப்பில் மலையகத் தமிழர் என்று சொன்னேன். அதுவும் மனிதர் உண்டாக்கிய பெயர்தான். ஆனால் நம்மவர்களே உண்டாக்கிய பெயர், அதற்குள் அப்பாவுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரம் உங்களிடம்தான் இருக்கிறது. நகல் வேண்டாம், அந்தப் பழுப்புத் தாளையே கொண்டுவாருங்கள். மருமகனையும் கூட்டிவாருங்கள்; தாத்தா பேருந்தில் கேட்டதை அவனுக்கு நான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை