ஹேசல்நட் ஒவ்வாமை: வயதையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஹேசல்நட் என்ற கொட்டைப் பருப்பால் வரும் ஒவ்வாமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது.

சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாதவை அந்தப் பருப்பில் சேமிப்பாக இருக்கும் கோர் ஏ 9, கோர் ஏ 14 என்ற புரதங்கள். வறுத்தாலும் எளிதில் சிதையாதவை. மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும். பிர்ச் மரங்கள் நிறைந்த நாடுகளில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள், பெரியவர்கள் கதை வேறு. அங்கே பலருக்கு முதலில் வருவது பிர்ச் மகரந்த ஒவ்வாமை. அந்த மகரந்தப் புரதத்தின் சாயலில் இருக்கும் கோர் ஏ 1 என்ற ஹேசல்நட் புரதத்தையும் உடல் எதிரியாக நினைத்துவிடுகிறது. வறுக்காத ஹேசல்நட்டை மென்றதும் உதடும் நாக்கும் அரிக்கும்; வறுத்தது பலருக்கு ஒன்றும் செய்யாது. (அதற்காக வீட்டிலேயே வறுத்துத் தின்று பார்க்க வேண்டாம்!)

அப்புறம், ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் பங்குள்ள எதிர்ப்புப் புரதம்) தெரிந்தாலே ஒவ்வாமை என்று ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன ஆனது என்பதையும் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்