கன்வெர்ட்டரைக் கழற்றும் முன் அளவுகளைக் காட்டுங்கள்: கார் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

உபி, காக்கி புக்கிட், சின் மிங் என்று சிங்கப்பூர் முழுக்கப் பட்டறை நடத்தும் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என் காரில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரைச் சரியாகச் சோதிக்காமலே மாற்றிய பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு அங்கே மட்டும்தான் என்றால் நேரில் போய்ப் பேசி முடித்திருப்பேன். என்னைப் போலவே தனியார் வாடகை கார் ஓட்டும் நண்பர்கள் மூன்று பேர் இதே கதையைச் சொல்லிவிட்டார்கள்.

கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காரின் கம்ப்யூட்டர் காட்டும் பி0420 என்ற பிழை எண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதான என் காருக்கு வாகனச் சோதனை நெருங்கிய நேரம் பார்த்து என்ஜின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள், எண்ணைப் பார்த்தார்கள், "கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். காரின் அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 1,850 வெள்ளி கொடுத்தேன். பதினாறாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. "அப்ப பின் சென்சாரா இருக்கும்" என்றார்கள், கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சாருக்கு 260 வெள்ளி. ஒன்பது நாள் கழித்து மறுபடியும் அதே விளக்கு, அதே எண்.

மூன்றாவதாக வேறு ஒரு பெரியவரிடம் போனேன். காரை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் என்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது காரைத் தூக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) இணைப்புகளில் தெளித்துவிட்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் பொட்டுப் பொட்டாக நுரை எழும்பியது. டார்ச் அடித்துக் காட்டினார்: இணைப்பின் ஓரத்தில் கண்மை தீட்டியதுபோலக் கரிக்கோடு. புதுக் கன்வெர்ட்டரை மாட்டியவர்கள் இணைப்பை அடைக்க வேண்டிய, ஆனால் நசுங்கிப்போன பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புகை வெளியேறும் அந்தச் சந்து வழியாகவே இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே இழுபட, பின் சென்சார் ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்ல, கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. புதுக் கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 75 வெள்ளி வாங்கினார். இரண்டு மாதமாக விளக்கு எரியவில்லை.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. என் பழைய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கேட்டபோது "அத தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய பொருளை யாரும் குப்பையில் போடுவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரோடு வந்த அசல் பாகம் அது. அது உண்மையிலேயே கெட்டிருந்ததா, முதல் நாளிலிருந்தே அந்த இணைப்பில்தான் கசிந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக என் காரில் இருப்பது மலிவான மாற்றுப் பாகம். இப்படிப்பட்ட பலவற்றில் அந்த உலோகங்களை அசலைவிடக் குறைவாகத்தான் பூசுகிறார்கள். அதனால் கொஞ்ச காலத்திலேயே அதே விளக்கு மறுபடி எரியலாம் என்று அந்தப் பெரியவரே எச்சரித்து அனுப்பினார். ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பும்போது முதலில் அந்த விளக்கைத்தான் பார்க்கிறேன்.

நான் முதலில் கேட்பது இதுதான். கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வதற்கு முன், என்ன சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது என்று எழுதிக் கொடுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி நிலையாக நிற்கிறதா, இல்லை முன் சென்சாரைப் போல 0.1க்கும் 0.9க்கும் இடையில் துள்ளுகிறதா? நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, துள்ளினால் சந்தேகப்படலாம். துள்ளினாலும் அதோடு முடிவு கட்ட முடியாதே, கசிவு பார்த்தீர்களா? மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருக்கிறதா, என்ஜின் ஆயில் குடிக்கிறதா? எரியாத பெட்ரோல் உள்ளே போனால் தேன்கூடு போன்ற அந்தப் பீங்கான் சூட்டில் உருகிவிடும், ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதன்மேல் படிந்து மூடிவிடும். அந்த மூலக் காரணத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். இதையெல்லாம் கற்றுத்தானே தொழிலுக்கு வந்தீர்கள்?

அப்புறம், பிழை எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு "விளக்கு அணஞ்சிருச்சு பாருங்க" என்று சாவியை நீட்டுவதையும் நிறுத்துங்கள். அழித்த பிறகு கார் சில நாள் ஓடி, கன்வெர்ட்டர் சோதனையைக் கம்ப்யூட்டர் மறுபடி செய்து முடித்தால்தான் சரியானதா இல்லையா என்று தெரியும். அது முடிந்ததா என்று உங்கள் ஸ்கேனரே காட்டுமே.

இந்த ஊரில் ஒரு கார் வைத்திருக்க என்ன செலவாகிறது என்று நினைத்துப் பாருங்கள். வாகன உரிமைச் சான்றிதழுக்குக் கொட்டிக் கொடுத்து, பத்து ஆண்டில் அதை இழந்து, நடுவில் சாலை வரி, காப்புறுதி, பார்க்கிங் என்று கட்டிக்கொண்டே இருக்கிறோம். ஐந்து நாள் கார் பட்டறையில் நின்றால் ஐந்து நாள் வீட்டில் வருமானம் இல்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போ என்கிறார்கள். எதைக் காட்டுவேன்? என் கையில் இருக்கும் ரசீதில் "கன்வெர்ட்டர் மாற்றம்" என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். சோதித்துப் பார்க்கத் தனிக் கட்டணம் கேளுங்கள், மனமாரத் தருகிறேன். அந்தப் பெரியவர் ஒரு மணி நேரம் செலவழித்தார், அதற்குக் காசு வாங்கினது நியாயம்தான். தயவுசெய்து ரசீதில் சோதித்த அளவுகளை எழுதுங்கள், கழற்றிய பாகத்தை எங்கள் கண்முன் வைத்து, வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்த வாரம் என் நண்பர் ஒருவர் இதே பி0420 விளக்கோடு உங்களில் ஒருவரிடம் வருகிறார். அவரிடமிருந்து தொடங்கினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தனியார் வாடகை கார் ஓட்டுநர் ஒருவர்